ரெண்டு ஆள் தூக்குற கல்

பாதித் தண்ணீரை இறக்கின பிறகுதான் அந்தக் கல்லைத் தனி ஆளாகத் தூக்க முடியாது என்பது கோமதிநாயகத்துக்கு உறைத்தது. உறைத்தது என்ன உறைத்தது, மூன்று மாதமாகவே தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில் மனுஷனுக்கு ரெண்டு வருஷப் பழக்கம். பழைய மூன்றடித் தொட்டியில் இருக்கிற பவளங்களையும் மீன்களையும் எதிர்ச்சுவரில் புதுசாக வைத்திருக்கிற ஐந்தடித் தொட்டிக்கு மாற்ற வேண்டும், இந்த ஒரே ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பாளையங்கோட்டை வெயில் மாடியில் ஏறித் தண்ணீரைச் சுடவைப்பதற்குள். கல்லூரி வேதியியல் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷம் உப்பு நிறுத்துக் கொடுத்தவர் அல்லவா, எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டாயிற்று. கோமாளி மீன் சோடி பச்சை வாளி, மஞ்சள் மீன் நீல வாளி, இறாலுக்கு ஊறுகாய்ப் பாட்டில், கல் ஒன்று முதல் பதினொன்று வரை பெரிய தொட்டியின் இடதுபக்கம், எது கீழே எது மேலே எல்லாம் படம் வரைந்து வைத்திருந்தார். கல் பன்னிரண்டு என்று எழுதி, அதற்கு நேரே ஒரு கோடு இழுத்து, அப்படியே விட்டிருந்தார். எழுதினால் ஆள் ரெண்டு என்று எழுத வேண்டும். ரெண்டாவது ஆள் யார் என்று அடுத்த கேள்வி வரும். அதனால் கோடு. பதினோரு கல்லும் போய்ச் சேர்ந்துவிட்டன, மீன்கள் வாளியில் குமிழுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன, இனிப் பின்வாங்க வழியில்லை. முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீர், வேட்டி நனைந்து தொடையில் ஒட்டுகிறது, மூக்கு நுனி அரிக்கிறது, சொறியக் கையில்லை. பன்னிரண்டாவது கல் தொட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அசையவில்லை.

அது ஒரு கல்லும் அல்ல. ரெண்டு கல். பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார், பவளம் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவி, நடுவிலிருந்த இடைவெளியை மூடி, ரெண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. பட்டன் பட்டனாக விரிகிற மென்பவளம், பட்டன் ஒன்றுக்கு ஒரு தலை என்று கணக்கு. நடு பச்சை, ஓரம் செம்மஞ்சள், மருதாணி போட்டு ரெண்டு நாள் ஆன விரல்நுனி மாதிரி. மருதாணி என்று பேர் வைத்ததே ஜெயசிங்தான். மோட்டார் காயில் கட்டுகிற ஜெயசிங், ஆற்றோரத் தெருவில் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டு நடுவில் நாலடித் தொட்டி. கையெல்லாம் வார்னிஷ் நாற்றத்தோடு எப்படி வே பவளம் வளர்க்கீரு என்று நாயகம் கேட்டால், இந்தக் கை தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னால மூணு தரம் குளிக்கும் அண்ணாச்சி என்பான். சென்னையில் எங்கேயோ ரெண்டே ரெண்டு தலையாக வாங்கி வந்து ஒன்பது வருஷம் வளர்த்தான். அதிலிருந்து ஏழு தலையைக் கத்தியால் பேர்த்து, ஒரு துண்டுக் கல்லில் ஒட்டி, டிபன் காரியரின் அடித்தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். வேறு யாருக்கும் அதை அவன் கொடுத்ததில்லை. கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னான். இந்த ஊரில் பவளத்தொட்டி வைத்திருக்கிற ஐந்தாறு பேருக்கும் உள்ள வழக்கம்தான் அது, யாரும் எழுதி வைத்ததில்லை. எனக்குப் போச்சுன்னா நீரு தரணும், உமக்குப் போச்சுன்னா நான் தருவேன். கரண்டு போனால் போச்சு, மோட்டார் நின்றால் போச்சு, ஒரு தொட்டியை நம்பியா உயிரை வைப்பது, அதனால் நாலு வீட்டில் வைப்பது. அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி உலகம்மை, இது உறைமோர் சங்கதில்லா என்றாள். நம்ம வீட்டில் தயிர் தோயவில்லை என்றால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி. அவர்கள் வீட்டில் தோயவில்லை என்றால் இங்கே. உறைமோர் கேட்டு வந்தவர்களை இல்லை என்று அனுப்புகிற வீடு உண்டா? ஜெயசிங் சிரித்தான், மதினி சரியாச் சொல்லுதாங்க என்றான். மாதம் ஒருநாள் அவனுடைய வேனில் மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போவார்கள், இருபது லிட்டர் கேன் பதினாறு, இடுப்பளவு தண்ணீரில் நின்று மொண்டு மொண்டு நிரப்புவார்கள், வலை காயப்போடுகிற ஆள்கள் கேட்பார்கள், என்ன அண்ணாச்சி, கடலைக் காலிபண்ணுதியளோ, கொஞ்சம் எங்களுக்கும் விட்டு வையுங்க. திரும்பும்போது கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டு வருவார்கள். இப்போது நாயகத்துக்குக் கடல்தண்ணீர் கிடையாது. பொடி வாங்கித் தண்ணீரில் கரைக்கிறார். அளவு ஒரு புள்ளி பிசகாது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

சரி, நெம்பிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அங்கேதான் புத்தி போயிற்று. துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் குழாயைக் கல்லுக்கு அடியில் சொருகி, தொட்டி விளிம்பில் துண்டை மடித்துவைத்து, ஒரு தம் கட்டி அழுத்தினார். கல் ஒரு விரக்கடை எழும்பியது, திரும்ப உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் அடிமணல் கிளம்பி மேலே வந்தது, வெள்ளை மணல் இல்லை, ஏழு வருஷமாக யாரும் தொடாத கறுப்பு. கூடவே அந்த நாற்றம். அழுகின முட்டை. முப்பது வருஷம் மூக்கில் ஏறின நாற்றம் அது, சோதனைக்கூடத்தில் அந்த வாயுவை எடுக்கிற கிப்ஸ் கருவியைத் திறந்தால் பையன்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள், இவர் மட்டும் என்ன தம்பி பூவாசனைக்குப் போய் இப்படிப் பண்ணுதிய என்பார். சோதனைக்கூடத்தில் சன்னல் உண்டு, மின்விசிறி உண்டு. தொட்டிக்குள் இருக்கிற மருதாணிக்கு எங்கே சன்னல்? இந்தக் கறுப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தால் போதும், இருநூற்றுச் சொச்சம் தலையும் நாளைக்குச் சளியாகக் கரைந்து நிற்கும். புதுத் தண்ணீரை ஊற்றலாம் என்றால் ஊற்றுகிற வேகத்தில் இன்னும் கிளம்பும். விரிந்திருந்த பட்டன்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மூடிக்கொண்டன. ஐயோ, ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். உலகம்மை மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். நான் ஒரு பக்கம் புடிக்கட்டுமா என்றாள். நீ எங்க புடிக்க, போன வருஷம் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறவள் இருபது கிலோ கல்லையா புடிப்பாய் என்றார். கீழ்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர்? குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயாச்சு. உலகம்மை உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் போனில் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள், முகத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம். "ஜெயசிங் தம்பிக்குப் போன் போட்டேன். வண்ணார்பேட்டையிலதான் நிக்காராம். இந்தா வந்துருதேன்னுட்டாரு. நீங்க ஏங்க ஒத்தையில மல்லாடுதிய? இதுக்குத்தானே அந்த மனுஷன் இருக்காரு."

அவளுக்கு எங்கே தெரியும்! தெரியாமல்தான் செய்தாள், நல்லதுக்குத்தான் செய்தாள், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. வண்ணார்பேட்டையிலிருந்து வேனில் என்ன, பத்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை நெரிசல் இல்லை, ஏழு நிமிஷம். போன் போட்டு வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லி? மருதாணி சாகும். வரட்டும் என்று விடலாம். விட்டால்? செத்துப்போச்சு என்று இவர் சொன்ன மருதாணி நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பான். துண்டை நனைத்து மேலே போட்டு மூடிவிடலாமா, துண்டோடு தூக்கு வே, வெளிச்சம் படக்கூடாது என்று சொல்லலாமா, பவளம் வளர்க்கிறவனிடம் போய் அதைச் சொன்னால் சிரிக்கமாட்டானா. உளியை வைத்து நடுவில் பிளந்து தனித்தனியாக எடுத்துவிடலாம், அதற்குக் கையுறை வேண்டும், கண்ணாடி வேண்டும், இதன் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும், போகட்டுமே. சே, என்ன நினைப்பு இது. வேறு சாதி, பார்க்க அதே மாதிரி இருக்கு, சென்னையில் வாங்கினேன் என்று சொல்லலாம். ஒன்பது வருஷம் வளர்த்தவனுக்குத் தன் பிள்ளையின் முகம் தெரியாதா? அப்போதே கொடுத்திருக்கலாமே. கொடுத்திருக்கலாம், கொடுத்திருக்கலாம், ரெண்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் செக்கு மாதிரிச் சுற்றுகிறது. அந்த மார்கழி வெள்ளத்தில் ஜெயசிங் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் தொட்டிக்குமேல் ஏறி நின்றது. நாயகம் வீடு மாடி, பெரிய இன்வெர்ட்டர், மீனுக்கு ஒரு நொடிகூட மூச்சு முட்டவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் ஜெயசிங் வந்தான். காலெல்லாம் சேறு, உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றான். கையில் அதே டிபன் காரியர். கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். எல்லாம் போச்சு அண்ணாச்சி, ஒரு நாலு தலை தாருமே, யார் வீட்டுத் தொட்டியிலயாவது போட்டு வச்சுக்கிடுதேன் என்றான். நாலு தலை. அன்றைக்கு நாயகத்திடம் இருபதோ இருபத்தொன்றோ இருந்தது. அப்போதுதான் நன்றாகப் பற்றியிருந்தது, இப்போது கத்தி வைத்தால் எல்லாம் போய்விடுமோ என்று பயம். அதுதான் என்று ரெண்டு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அது மட்டுமா? அல்பம், அல்பம். மருதாணி இனி என் ஒருத்தனிடம்தான் இருக்கு என்று அந்த வாசலில் நிற்கும்போதே உள்ளுக்குள் ஒன்று குளிர்ந்ததே, அதை எங்கே கொண்டு வைக்க? "எனக்கும் போயிட்டு வே," என்றார். நாக்கு கூசாமல் சொன்னார். ஜெயசிங் அவர் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு வீட்டையே இழந்தவன், கையை நீட்டி இவர் தோளில் வைத்து, விடும் அண்ணாச்சி, மனசை விட்டுராதீரும், தண்ணியில வந்தது தண்ணியில போச்சு என்று இவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தக் கை இன்னும் தோளில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரு பொய்க்குத் தீனி போட்ட கதை. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் கேக்கோடு வருகிறேன் என்றான், ஊரில் இல்லை வே என்றார். மோட்டார் சத்தம் போடுகிறது என்று உலகம்மை சொன்னாள், ஜெயசிங் தம்பியைக் கூப்பிடுங்க என்றாள், புதுசே வாங்கிவிட்டார். வர வர அவனும் கேட்பதை விட்டுவிட்டான். மருதாணிக்கு இதெல்லாம் தெரியுமா, அது பாட்டுக்குப் பெருகியது. இருபது நாற்பதாயிற்று, நாற்பது நூறாயிற்று, பக்கத்துப் பவளங்களைத் தொட்டுச் சுட்டுக் கொன்றது. ஊரில் வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றால், இதைப் பார்த்த மறுநாளே ஜெயசிங்குக்குச் செய்தி போய்விடும். அதனால் ரெண்டு மாதத்துக்கு ஒருதரம் உலகம்மை கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துக் கையுறை மாட்டி, மிச்சமான தலைகளைப் பேர்த்து, செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டார். பத்து தலை, பதினைந்து தலை. ஒருநாள் முப்பது தலை. நாலு கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு முப்பதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து கைகழுவினபோது, வாஷ்பேசின் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதற்கும் ஒரு அளவு இருக்கிறதே, கை ஓய்ந்துபோயிற்று, வெட்டுவதை விட்டார். அது ரெண்டு கல்லையும் கட்டிக்கொண்டு இவ்வளவு பெரிசாயிற்று. இடம் போதவில்லை என்றுதானே இந்த ஐந்தடித் தொட்டி, இந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த நாற்றம். கேட்டபோது கொடுத்திருந்தால் ஒற்றைக் கையால் தூக்குகிற கல்லாக இருந்திருக்கும். தெருவில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அந்த எஞ்சின் இருமல் அவருக்கு நன்றாகத் தெரியும். துண்டு கையில்தான் இருந்தது, நனைத்துக்கூட வைத்திருந்தார், போடுவதற்கு நேரமும் இருந்தது. போடவில்லை. போட முடியவில்லையா, போட மனசில்லையா, அது அவருக்கே தெரியவில்லை.

படியேறும்போதே குரல் வந்துவிட்டது. "என்ன மதினி, அடிமணலைக் கிளப்பிட்டாரா? நாத்தம் தெருமுக்குவரைக்கும் வருது." உள்ளே வந்தான். தலை நரைத்திருந்தது, மெலிந்திருந்தான், சட்டைப் பையில் அதே டெஸ்டர். தொட்டிக்கு முன்னால் வந்து நின்றான். நின்றான். நாயகம் அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்தார். கை ரெண்டும் சும்மா தொங்கின. பிறகு ஜெயசிங் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தான், சட்டையை முழங்கைக்குமேல் மடித்தான், குளியலறைக்குப் போய்ச் சோப்பு இல்லாமல் மூன்று தரம் கையைக் கழுவிவிட்டு வந்தான். "எங்கன புடிக்கணும்?" என்று கேட்டான். அவ்வளவுதான். ரெண்டு பேரும் குனிந்தார்கள். பைய, பைய, உம்ம பக்கம் சாயுது அண்ணாச்சி, விரலை உள்ள குடும், ஆங், இப்பத் தூக்கும் என்று அவன் சொல்லச்சொல்ல, இத்தனை நேரம் மலையாக உட்கார்ந்திருந்த கல் எழும்பி வந்தது. கறுப்புத் தண்ணீர் சொட்டச்சொட்ட எதிர்ச்சுவருக்கு ஆறு எட்டு. இவர் பின்னால் நடந்தார், அவன் முன்னால் நடந்தான், ரெண்டு பேருக்கும் நடுவில் மருதாணி. புதுத் தண்ணீரில் இறக்கினபோது, இங்கன வேண்டாம், மோட்டார் நேரா அடிக்கும், ஒரு சாண் தள்ளும் என்றான். தள்ளினார்கள். ஒரு குவளையால் மொண்டு மொண்டு பவளத்தின்மேல் படிந்திருந்த கறுப்பைக் கழுவிவிட்டான், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற பதத்தில். எல்லாம் மூடிக் கிடந்தாலும் அடித்தோல் உறுதியாக இருக்கு, பிழைச்சுக்கிடும் என்றான். கண்ணாடிக்கு வெளியே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். நல்லா வளந்திருக்கு என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கக்கூடாதா என்று நாயகத்தின் மனசு ஏங்கியது.

உலகம்மை காப்பி போடப் போயிருந்தாள். இதுதான் நேரம், இதை விட்டால் ஜென்மத்துக்கும் வாய் வராது.

"வே. அன்னைக்கு நான்..."

"தெரியும் அண்ணாச்சி."

"என்னத்தத் தெரியும்?"

"செத்த தொட்டி நாறும்லா," என்றான் ஜெயசிங், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே. "எங்க வீட்டுல ஒரு வாரம் சோறு எறங்கல, அந்த நாத்தம். உம்ம வாசல்ல வந்து நிக்கேன், மதினி வச்ச ரசம் மணக்கு. அப்பவே தெரிஞ்சு போச்சு."

முப்பது வருஷம் நாற்றத்தோடு குடித்தனம் பண்ணின மூக்குக்கு அது தோன்றவில்லை. நாயகம் அவன் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுமா வே என் தோள்ல கையை வச்சீரு?"

"பொறவு என்ன செய்யச் சொல்லுதீரு. நீரு நடுங்கிக்கிட்டு நின்னீரு. கெஞ்சியிருந்தா குடுத்திருப்பீரு, எனக்குத் தெரியும். அது எனக்கு வரல."

"இப்பத் தாரேன். பாதியை வெட்டித் தாரேன். முழுசையும் எடுத்துக்கிட்டுப் போம் வே, நான் ஒண்ணும்..." கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கவில்லை, உப்புக் கையால் துடைத்தார், அது இன்னும் எரிந்தது.

"எங்கன வைக்க? தொட்டியை அந்த வருஷமே கொடுத்துட்டேன்." ஜெயசிங் கடிகாரத்தை எடுத்துக் கட்டினான். கொக்கி மாட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அன்னைக்குத்தான் அண்ணாச்சி வேண்டியிருந்துது."

காப்பி வந்தது. நின்றுகொண்டே குடித்தான். மணிக்கட்டுல தகடு வச்சிருக்காமே மதினி, குளிர்ல வலிக்குமே என்று விசாரித்தான். மகளுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்ததைச் சொன்னான். சர்க்கரை ஒரு பொட்டுக் கூட என்றான், உலகம்மை சிரித்தாள். டம்ளரை வைத்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டினான். நாயகம் பின்னாலேயே போய் நின்றார். வாரேன் மதினி என்று அவர் தலைக்குமேல் உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினான். ஒவ்வொரு படியாக இறங்கினான், திருப்பத்தில் ஒருதரம் திரும்புவான் என்று நாயகம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேன் கதவு சாத்துகிற சத்தம், அந்த இருமல், பிறகு தெரு.

உலகம்மை டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள். "எத்தனை நாளாச்சு அந்தப் பிள்ளையைப் பார்த்து! அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்கன்னு சொல்ல மறந்துட்டேன். உங்ககிட்ட என்ன சொன்னாரு, வாரேன்னாரா?"

"வாரேன்னாரு," என்றார் நாயகம்.